சபையின் காது

எங்கள் ஜெப சபைக்குள் சினிமா மெட்டு நுழையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை பதினோரு வருடம் என்னிடம் இருந்தது. யாரும் என்னை அதற்கு நியமிக்கவில்லை, பதவிப் பெயரும் கிடையாது. யாராவது புதிதாக ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தால் சபையை நடத்தும் மூப்பர்கள் மூன்று பேரும் வார்த்தைகளை வாசித்துப் பார்ப்பார்கள். உபதேசத்தில் பிழை இல்லை என்று தலையாட்டிய பிறகு, "மெட்டை ஒருதடவை அக்காகிட்ட பாடிக் காட்டிடுங்க" என்பார்கள். நான் கேட்டுவிட்டுச் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. எனக்குப் பின்னால் என்னைக் காது அக்கா என்று கூப்பிட்டார்கள். காது என்று பெயர் வைத்தவர்களுக்கு அது என் காதில் விழாது என்று எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

என்னை ஏன் கேட்டார்கள் என்றால், பாம்பின் கால் பாம்பறியும். நான் சட்டை கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் சட்டைகளில் விட்டுப்போன தையல், தொங்கும் நூல், ஏறி இறங்கிய காலர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த ஹாலின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் உண்டு. பாட்டு போட்டால் கை வேகமாகப் போகும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை, இருபத்திரண்டு வருடமாக, சினிமாப் பாட்டு. நான் ஒன்றையும் விரும்பிக் கேட்டதில்லை. கண்ணுக்கு இமை வைத்தவர் காதுக்கு ஒரு மூடி வைக்கவில்லை, நான் என்ன செய்ய? முதல் இரண்டு நொடி வாத்தியச் சத்தத்திலேயே என்ன பாட்டு என்று சொல்லிவிடுவேன். படம் எதையும் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்து மேசைப் பெண்கள் காட்சியை எல்லாம் ஒப்பிப்பார்கள். யார் என்ன கட்டியிருந்தாள், எங்கே ஓடினாள், எங்கே விழுந்தாள் என்பது வரை எனக்கு அத்துப்படி.

சபையில் மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் டிவி இல்லாத குடும்பங்கள். டீக்கடையில் பாட்டு ஓடினால் நடையை எட்டிப்போடுகிறவர்கள். அதனால் நான் ஒரு மெட்டைச் சினிமா மெட்டு என்று சொல்லிவிட்டால் அது உண்மையா என்று பார்க்க ஒருவராலும் முடியாது. பார்க்க வேண்டுமானால் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டும். அதைத்தானே கேட்கக் கூடாது என்றிருக்கிறோம். இந்த ஓட்டையை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. நானும்தான்.

இதைப் படிக்கிறவர்கள் எங்களைப் பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். நான் இதற்கு முன்பு போன சபை பெரியது. அங்கே ஒரு வருடம் டிரம்ஸ் வந்தது, அடுத்த வருடம் கலர் லைட் வந்தது, அதற்கடுத்து புகை விடும் மெஷின் வந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பாட்டு ஒன்று எடுத்தார்கள். வார்த்தைகள் தங்கம். சுற்றிலும் எல்லோரும் கையை உயர்த்திக் கண்ணீர் விட்டார்கள். எனக்கு மட்டும் அந்த மெட்டு தெரிந்திருந்தது. அந்த மெட்டுக்கு ஏற்கெனவே வேறொரு குடித்தனம் இருந்தது. என் வாய் கர்த்தருடைய பெயரைச் சொன்னது, தலைக்குள் ஒரு நடிகை கண்ணடித்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாள் எனக்குள் ஊற்றப்படுவதைக் கழுவிக்கொள்ள இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று பஸ்ஸில் அழுதபடி வீட்டுக்கு வந்தேன். ஆராதனைக்குள் உலகம் வரக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வேன். இந்தக் கதைக்குப் பிறகும் சொல்வேன்.

அப்படிப் பிரிந்து வந்த இருபது குடும்பங்கள்தான் எங்கள் சபை. டயர் கடைக்கு மேலே ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைச் சுவர். வாத்தியம் கிடையாது. ஒருவர் முதல் அடியைப் பாடி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் பாட்டுகள் எல்லாம் ஒரு நீளமான நோட்டில் வரிசை எண் போட்டு எழுதப்பட்டிருக்கும். பதினோரு வருடத்தில் நான் ஒன்பது பாட்டுகளை அந்த நோட்டில் ஏறவிடாமல் தடுத்தேன். பெரும்பாலானவர்கள் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு போனது. ஒருவர் அதே பாட்டை ஆறு மாதம் கழித்து மெதுவாகப் பாடிக்கொண்டு வந்தார். கழுதையை மெதுவாக நடக்க வைத்தால் குதிரை என்று நினைத்துவிடுவோம் என்பது அவர் எண்ணம்.

பாட்டு எடுத்துக்கொடுக்கிறவன் என் தம்பி. என்னைவிட எட்டு வயது சின்னவன். கண்ணாடி வெட்டுவது அவன் தொழில். ஜன்னல் கண்ணாடி, போட்டோ ஃபிரேம், மீன் தொட்டி எல்லாம் செய்வான். அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்து இரண்டாக்கி, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவனும் இருக்கிறோம். அவன் பக்கத்து முன்னறைதான் பட்டறை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நானே மறந்துவிட்டேன்.

தம்பிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஒரு பையன் பிறந்தான். பிறக்கும்போதே நெஞ்சில் கோளாறு. தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். அந்த வேலையை விட்டால் பையனுடைய வைத்தியம் நடக்காது என்பதால் அவள் காலையில் கிளம்பிப் போவாள். பகல் முழுக்கப் பையன் தம்பியிடம். கண்ணாடித் துண்டு கிடக்கிற இடத்தில் பிள்ளையை எப்படி இறக்கிவிடுவது? இடுப்பில் ஒரு துணியால் கட்டிக்கொண்டு அளவெடுப்பான், வெட்டும்போது மட்டும் உள்ளறைக் கட்டிலில் போடுவான். நாலு வருடமும் இரண்டு மாதமும் இருந்தான் அந்தப் பிள்ளை. ஒரு மத்தியானம், தம்பியின் தோளிலேயே, போய்விட்டான். அடக்கத்துக்கு நான்தான் வெள்ளைச் சட்டை எடுத்துவந்தேன். அத்தனை சின்ன அளவில் எங்கள் கம்பெனியில் தைப்பதில்லை. பெரிய சட்டையைப் பிரித்து நானே தைத்தேன், தையல் நேராகவே வரவில்லை.

அதன் பிறகு தம்பி பாட்டு எடுத்துக்கொடுப்பதை நிறுத்தினான். தச்சு வேலை செய்யும் மூப்பர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் தொடங்கும் உயரத்துக்கு ஏணி வைத்தாலும் எங்களால் எட்ட முடியாது. இரண்டாவது அடியிலேயே பெண்கள் பக்கம் குரல் உடைந்துவிடும். எல்லோரும் பொறுத்துக்கொண்டோம். தம்பி வருவான் என்று காத்திருந்தோம்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மூப்பர்களும் நானும் இருக்கும்போது, ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தான். தாளை முதலில் வாங்கி வாசித்தவர் மருந்துக்கடை மூப்பர். மூன்று பேரில் மூத்தவர், பாதி ஊருக்கு மாத்திரை கொடுத்த கை. வாசிக்கும்போதே அவருடைய கண்ணாடி நனைந்துவிட்டது. இரண்டு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தூக்கிச் சுமந்த கை இன்று வெறுமை, அந்த வெறுங்கையையே உம்மிடம் உயர்த்துகிறேன். அவ்வளவுதான், இதைவிடப் பெரிய அலங்காரம் எதுவும் அதில் இல்லை.

"மெட்டு இருக்கா தம்பி?" என்றார் மூப்பர்.

"இருக்கு" என்று என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பாடினான்.

முதல் அடி முடிவதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இந்த மெட்டு எனக்குத் தெரியும். எங்கே ஏறும், எங்கே நிற்கும், எங்கே இறங்கும் என்று அவன் பாடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரிந்த மெட்டு எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தவை. எந்தப் படம் என்று தேடினேன். பழைய மழைப் பாட்டு ஒன்று இப்படித்தான் படிப்படியாக ஏறும். அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஒரு டீச்சருடைய மகள் எழுதிய பாட்டைத் தடுத்திருந்தேன். தம்பி என்றதும் அக்காவுக்குக் காது அடைத்துவிட்டது என்று அவர்கள் பேசிவிடக் கூடாது என்று நினைத்தேன். சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல் சொன்னாள் என்று பேசட்டும் என்றும் நினைத்தேன். ஆமாம், அதையும் நினைத்தேன். அவன் அழுகையை அடக்கிக்கொண்டு பாடிய அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது பெருமை.

"இது சினிமா மெட்டு" என்றேன்.

தம்பிக்குப் புரியவில்லை. "எது?"

"நீ பாடினது. பழைய படத்துல வரும். மழைல நனைஞ்சுகிட்டே ஒரு பொண்ணு படிக்கட்டுல இறங்கி ஓடி வருவா. மஞ்சப் புடவை. அந்தப் பாட்டு."

"நான் அந்தப் படமெல்லாம் பாத்ததில்லையே அக்கா."

"பாத்திருக்கணும்னு இல்ல. ரோட்டுல போறப்ப எங்கேயாவது காதுல விழுந்திருக்கும். உனக்கே தெரியாம ஒட்டிக்கும்."

அவன் காது இரண்டும் சிவந்துபோயின. மூன்று மூப்பர்களையும் ஒருமுறை பார்த்தான். திருட்டுச் சாமானை நம் வீட்டிலிருந்து எடுத்துக் காட்டினால் முகம் எப்படி ஆகும், அப்படி இருந்தது அவன் முகம். "விழுந்திருக்கும்" என்றான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

மருந்துக்கடை மூப்பருக்கு மனது கேட்கவில்லை. "வார்த்தை எல்லாம் நல்லா இருக்கு தம்பி. வேற மெட்டு போட்டுப் பாருங்களேன்."

"பாக்கறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான்.

அதன் பிறகு நாலைந்து வாரம் சபைக்கு வந்தான். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பாட்டு வரும்போது உதட்டைக்கூட அசைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி டெலிவரி இருக்கிறது என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. உலகத்தில் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் எல்லோருடைய ஜன்னலும் உடைகிறதா என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டேன். ஒரு பாட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் சபையையே விடுவாயா, இவ்வளவு ரோஷமா என்று கேட்டேன். கண்ணாடியில் கோடு கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கோபம். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் வருகிற கோபத்துக்குப் பசி அடங்கவே அடங்காது. அப்படி ஐந்து மாதம் போனது.

ஒரு வியாழக்கிழமை, கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசர் பெண் பழைய பாட்டுகளாகப் போட்டாள். நான் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றின் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தோடு ஒரு பாட்டு தொடங்கியது.

"அக்கா, உங்க காலத்துப் பாட்டு" என்று பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள்.

படிப்படியாக ஏறியது. தம்பியின் பாட்டு நின்ற இடத்தில் இது நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போய், உச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, சடாரென்று விழுந்தது. சரணத்தில் இருக்கும் என்று காத்திருந்தேன். சரணத்திலும் இல்லை. இரண்டாவது சரணத்திலும் இல்லை. தொடக்கத்தில் ஒரு மூன்று சுரம், அவ்வளவுதான் ஒற்றுமை. மூன்று சுரத்துக்காகப் பார்த்தால் எங்கள் நோட்டில் இருக்கும் பாதிப் பாட்டுகளை வெட்டிப்போட வேண்டும். நான் கையில் வைத்திருந்த சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை, அதை நல்ல சட்டைகளோடு போட்டுவிட்டேன் என்று சாயங்காலம் திட்டு விழுந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அப்படியென்றால் அந்த மெட்டை நான் எங்கே கேட்டேன்? பஸ்ஸில் நின்றுகொண்டே இருபத்திரண்டு வருடத்துப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

வீட்டில் தம்பி இல்லை. தம்பி பெண்டாட்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெட்டை வாய்க்குள் முனகிக் காட்டி, "இத இதுக்கு முன்னாடி எங்கேயாவது கேட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அது புள்ளைக்குப் பாடினது அண்ணி."

"யாரு?"

"வேற யாரு? மத்தியானத்துல அவனுக்கு மூச்சு வாங்கும் இல்ல. படுக்க வெச்சா இன்னும் மோசமாகும். தோள்ல போட்டுகிட்டு இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் நடப்பாரு. அப்ப இத முனகிகிட்டே இருப்பாரு. மூச்சு நிக்கற இடத்துல இவரும் நிறுத்துவாரு. அவன் மறுபடி இழுக்கற வரைக்கும் காத்திருப்பாரு. வார்த்தை எல்லாம் அப்ப இல்ல."

"எனக்கு எப்படித் தெரியும் அது? நான்தான் பகல்ல இருக்க மாட்டேனே."

"ஒரு மாசம் டைபாய்டுன்னு படுத்திருந்தீங்களே. இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான உங்க கட்டில்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜுரத்தில் கண் திறக்க முடியாமல் கிடந்த அந்த மத்தியானங்களில், ஒரு பிளைவுட் தூரத்தில், என் தம்பி தன் பிள்ளையின் மூச்சை அளந்து அளந்து உண்டாக்கிய மெட்டு அது. அதைத்தான் நான் சினிமாவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"நீயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தான் வந்தேன். அவருதான் வேணாம்னாரு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், அவளுக்குத்தான் தெரியும்னாரு." அவள் ஒரு தலையணை உறையை உதறினாள். "வாயத் திறந்தா எது உள்ளேருந்து வருது, எது வெளியேருந்து வந்து ஒட்டினதுன்னு எனக்கே தெரியல, அப்புறம் எப்படி ஜெபம் பண்றதுன்னு கேட்டாரு. நான் என்னன்னு பதில் சொல்றது?"

அவன் ரோஷத்தில் சபையை விட்டான் என்று ஐந்து மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் தன்னை அசுத்தம் என்று நம்பி ஒதுங்கியிருந்திருக்கிறான். சபைக்குள் உலகம் வந்துவிடக் கூடாது என்று நான் எப்படிப் பயந்தேனோ, அதே பயத்தில் அவன் தன்னையே வெளியே நிறுத்திக்கொண்டான்.

நான் நேராக அவனிடம் போயிருக்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவள் நான். மூப்பர்களிடம் போனேன். பாட்டுக்கு அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு போனால் அவன் முகத்தைப் பார்ப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் சபையில் பெண்கள் எழுந்து நின்று பேசும் வழக்கமில்லை. அதனால் ஒரு முழுப் பக்கம் எழுதி, தம்பி பெண்டாட்டி எடுத்துத் தந்த பாட்டுத் தாளோடு சேர்த்துக் கொடுத்தேன். நான் தெரியாததைத் தெரியும் என்று சொன்னேன், என் பெருமைக்காகச் சொன்னேன், தகப்பன் ஒருவன் பிள்ளைக்குப் பாடியதை அசிங்கப்படுத்தினேன் என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை மூப்பர் எழுந்தார். என் தாள் அவர் கையில் இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. "ஒரு சகோதரர் எழுதிய பாட்டைப் பற்றி ஒரு சிறிய தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது. அது இப்போது சரிசெய்யப்பட்டது. அந்தப் பாட்டை நம்முடைய நோட்டில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொன்னார். கசப்பு மாத்திரைக்கு மேலே சர்க்கரை பூசிக் கொடுத்தே பழகிய மனிதர். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. சிறிய தவறாம். முடிந்ததும் என்னிடம் வந்து, "ஆனைக்கும் அடி சறுக்கும்மா. தம்பிய அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. மெட்டு அவர்கிட்டதான் இருக்கு, அவரே எடுத்துக்கொடுக்கட்டும்" என்றார். நோட்டைத் திறந்து காட்டினார். நூற்றுப் பதினேழாம் எண்ணில் தம்பியின் வார்த்தைகள் அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தன.

நேராகப் பட்டறைக்குப் போனேன். தம்பி மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடியைப் போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தான். உள்ளறையில் அவன் பெண்டாட்டி இருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழைப் பாட்டு வேறு என்று சொன்னேன். டைபாய்டைச் சொன்னேன், டீச்சருடைய மகளைச் சொன்னேன், பெருமையைச் சொன்னேன். ஸ்கேலை நகர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அது சினிமா மெட்டு இல்லையா?"

"இல்லடா. உன்னோடதுதான். முழுக்க உன்னோடது."

"நானாத்தான் போட்டேனா?"

"நீயாத்தான்."

ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. என்னை மன்னிப்பதற்கு அவன் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த வாரம் நீ வந்து எடுத்துக்கொடுக்கணும்னு சொன்னாங்க" என்றேன். "நோட்டுல எழுதியாச்சு."

தலையாட்டினான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு அங்கேயே மெதுவாகத் தொடங்கினான். முதல் அடி சுத்தமாக வந்தது. இரண்டாவது அடியில், ஏறி நிற்கும் இடத்தில் நின்றான். அதற்கு மேல் பாடவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மறுபடி அதே இடத்தில் நின்றான்.

"மறந்துபோச்சா?"

"மறக்கல." அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "முன்னாடி இந்த இடத்துல நிறுத்தினா புள்ளையோட கனம் தோள்ல தெரியும் அக்கா. மூஞ்சிய என் கழுத்துல வெச்சுப்பான், அந்தச் சூடு தெரியும். இப்ப கண்ண மூடினா அந்தப் பொண்ணு வர்றா. மழைல நனைஞ்சுகிட்டு, படிக்கட்டுல."

"நானே அந்தப் படத்தப் பாத்ததில்லடா. மேசைல பொண்ணுங்க பேசிக்கிட்டதுதான்."

"நீ சொன்ன இல்ல. அதுக்கப்புறம் அவ போகவே மாட்டேங்கறா. ஆறு மாசமா தள்ளிப் பாத்துட்டேன். நான் பாக்காத ஒருத்தி, என் புள்ள வர்ற இடத்துல வந்து நிக்கறா. இப்ப நீ இல்லன்னு சொல்லிட்ட. சந்தோஷம்தான். ஆனா அவளுக்கு அது தெரியல."

பதினோரு வருடம் நான் வாசலில் காவல் நின்றேன். ஒரு சினிமாவையும் உள்ளே விடவில்லை. அது இல்லாத ஒரு பாட்டுக்குள் அதைக் கொண்டுபோய்க் குடிவைத்தேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்த வேலிக்கு வாயில் என்ன ருசி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்லி அவளை அவன் தலையிலிருந்து இறக்குவது? கொட்டினதை அள்ள முடியாது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து இவன் முன்னால் நான் அழுததில்லை.

"அழாத அக்கா" என்றான். "வேற பாட்டு ஏதாவது எடுத்துக்கொடுக்கறேன். சபைக்கு வர்றேன். இது மட்டும் வேணாம்."

அப்போது உள்ளறையிலிருந்து அவன் பெண்டாட்டி வந்து கதவோரம் நின்றாள்.

"அண்ணி, உங்களுக்கு அது முழுசாத் தெரியுமா?"

"தெரியும்."

"பாடுங்க."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நான் வேலைக்குப் போயிருவேன். அவரு பாடறத நான் கேட்டது லீவு நாள்ல மட்டும்தான், கொஞ்சம் கொஞ்சம். நீங்க ஒரு மாசம் படுத்துகிட்டுக் கேட்டிருக்கீங்க. எனக்கு எந்தப் பொண்ணும் வரல அண்ணி. எனக்கு அவன்தான் வர்றான். பாடுங்க, நான் கேக்கணும்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மேசையிலிருந்து கண்ணாடி வெட்டும் பேனாவை எடுத்தான், திரும்ப வைத்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற வேனின் பின்னால் போய் நின்றான், அவனுடைய தோள் மட்டும் தெரிந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். வார்த்தை இல்லாமல், மூச்சு நிற்கும் இடத்தில் நிறுத்தி, அது மறுபடி தொடங்கும்வரை காத்திருந்து பாடினேன். ஒரு இடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் அவள் இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவை பாடினேன். நான் நிறுத்திவிட்டேனா என்று வேனின் பின்னாலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, தம்பி இன்னும் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.